லேபிள் இல்லாத பழைய டபுள் பாஸ்: ஊர் எது, நாதம் எங்கே?

வாசகர் கேள்வி: ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஓர் அமெச்சூர் இசைக்குழுவில், வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியமான டபுள் பாஸ் வாசித்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு கிராமத்து வீட்டைக் காலி செய்தபோது விற்பனைக்கு வந்த பழைய பாஸ் ஒன்றை வாங்கினேன். உள்ளே லேபிள் எதுவும் இல்லை. விற்றவர், இது ஆஸ்திரிய மலைநாடான டிரோலின் வேலை என்றும் 1780 வாக்கில் செய்தது என்றும் சொன்னார். மேல் இரண்டு கம்பிகளும் நன்றாகப் பேசுகின்றன. கீழ் இரண்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் அமுங்கிக் கேட்கின்றன. இது எந்த ஊரில், எந்தக் காலத்தில் செய்ததாக இருக்கும்? இந்த அமுக்கம் பிறவிக் குறையா? கனமான கம்பி மாட்டினால் சரியாகும் என்கிறார் ஒரு நண்பர். பதினான்கு படங்களை இணைத்துள்ளேன்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தையும் படங்களையும் இரண்டு மாலைகள் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, அளவு நாடாவையும் சேர்த்துப் படமெடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு தூரம் சொல்ல முடிகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த பாஸ், ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலத்தின் தென்மேற்குக் கோடியும் இன்றைய செக் குடியரசிலுள்ள பொஹீமியாவின் மேற்குக் கோடியும் சந்திக்கும் எல்லைப் பகுதியில், ஏறத்தாழ 1880-க்கும் முதல் உலகப் போருக்கும் இடையே செய்யப்பட்டது என்பது என் கணிப்பு. டிரோல் என்பதற்கோ 1780 என்பதற்கோ படங்களில் ஒரு சான்றும் இல்லை. கீழ்க் கம்பிகளின் அமுக்கத்தைப் பிறவிக் குறை என்று நான் கருதவில்லை. அதற்குப் போதுமான காரணங்கள் வெளியிலிருந்தே தெரிகின்றன.

ஊரையும் நாதத்தையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். பழைய வாத்தியம் வாங்கிய எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நல்ல ஊர் என்று தெரிந்துவிட்டால் நல்ல நாதமும் உள்ளே ஒளிந்திருக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. என் பட்டறை அனுபவத்தில் இவை இரண்டும் தனித்தனி விசாரணைகள். ஊரைச் சொல்வது உளியின் தடம், ஒட்டிய முறை, சுருள் தலையைச் செதுக்கிய விதம் ஆகியவை. நாதத்தைச் சொல்வது, இன்றைய நிலையில் அந்தப் பெட்டி எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது, கம்பிகளைத் தாங்கும் குதிரையும், பெட்டிக்குள் இரு பலகைகளுக்கும் இடையே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற குச்சியும் எங்கே நிற்கின்றன என்பவை. ஆகவே இரண்டையும் பிரித்தே பதில் எழுதுகிறேன்.

லேபிள் இல்லாததைப் பற்றி வருந்த வேண்டாம். மேற்பலகையைக் கழற்றிப் பழுது பார்க்கும்போது லேபிள் கிழிந்து போவதுண்டு. ஈரத்தில் உதிர்ந்து போவதுண்டு. தொடக்கத்திலேயே ஒட்டப்படாத வாத்தியங்களும் ஏராளம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-இல் கொண்டுவரப்பட்ட மெக்கின்லி சட்டம் கட்டாயமாக்கியது. அதனால் அக்காலத்து ஏற்றுமதி வயலின்கள் பலவற்றில் நாட்டின் பெயராவது இருக்கும். உள்நாட்டு இசைக்குழுவுக்கோ கிராமத்து நடன மண்டபத்துக்கோ விற்ற பாஸுக்கு அந்தத் தேவையே எழவில்லை. மறுபக்கம், இத்தாலியின் புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியின் பெயர் அச்சிட்ட லேபிளோடு அதே வட்டாரத்திலிருந்து வெளிவந்த வயலின்களுக்குக் கணக்கே இல்லை. லேபிள் இருந்தாலும் நான் அதைக் கடைசியில்தான் படிப்பேன்.

இப்போது படங்களுக்கு வருகிறேன். இரண்டாவது படத்தில் சுருள் தலையின் பின்பக்கம் தெரிகிறது. நடுவில் ஒரு முதுகெலும்பும் அதன் இருபுறமும் பள்ளமான ஓடைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தேர்ந்த தனிக் கைவினைஞரின் வேலையில் அந்த ஓடை, சுருளின் முன்பக்கம் வளைந்து தொண்டைக்குள் நுழையும் இடம் வரை ஆழம் குறையாமல் போகும். உங்கள் பாஸில் அது சுருளின் அடிப்பகுதிக்கு வந்ததும் ஆழம் குறைந்து, கண்ணுக்கு மறையும் இடத்தில் நின்றுவிடுகிறது. ஒரு நாளில் இத்தனை தலைகள் என்று கணக்கு வைத்துச் செதுக்கிய கை அது. திறமையில்லாத கை என்று சொல்ல மாட்டேன். சுருளின் வெளிவட்டம் ஒரே வீச்சில், தயக்கமே இல்லாமல் வந்திருக்கிறது. நேரம் மிச்சப்படுத்த வேண்டிய இடம் எது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் குறி அந்த எல்லைப் பகுதி வேலையில் அடிக்கடி காணப்படுவது.

கம்பிகளை முறுக்கும் பிரடைப் பெட்டியில் நான்கு துளைகள் மட்டுமே உள்ளன. அடைத்த பழைய துளை ஒன்றும் இல்லை. பல்சக்கரத் திருகிகள் பொருத்திய பித்தளைத் தகடு தேய்ந்து, அதன் ஓரத்தில் வார்னிஷ் அதே வடிவில் கறுத்திருப்பதால், அது தொடக்கம் முதலே இருப்பது என்று கொள்ளலாம். இது சிறிய செய்தி அல்ல. இங்கிலாந்திலும் இத்தாலியிலும் பிரான்சிலும் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி மூன்று கம்பி பாஸ்களே வழக்கில் இருந்தன. அவற்றைப் பிற்காலத்தில் நான்கு கம்பிக்கு மாற்றியபோது துளை அடைத்த தடமோ, பெட்டியை நீட்டிய ஒட்டோ நின்றுவிடும். ஜெர்மன் மொழி வழங்கும் பகுதிகளிலோ நான்கு கம்பி முன்பிருந்தே வழக்கம். 18-ஆம் நூற்றாண்டு வியன்னாவில் ஐந்து கம்பிகூட இருந்தது. ஆகவே உங்கள் பாஸ் நான்கு கம்பிக்கென்றே பிறந்தது என்பது பிரான்ஸையும் இங்கிலாந்தையும் உடனே பின்னுக்குத் தள்ளுகிறது.

பின்பலகை தட்டையானது; கழுத்தை நோக்கி மேலே போகும்போது ஓரிடத்தில் மடிந்து சாய்கிறது. தட்டை முதுகு மட்டும் ஊரைச் சொல்லாது. இத்தாலியில் ப்ரெஷியாவின் பழைய பட்டறைகளிலிருந்து லண்டன் வரை எல்லா இடத்திலும் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஆறாவது படத்தில், பலகையின் விளிம்பை ஒட்டி ஓடும் இரட்டைக் கறுப்புக் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். நல்ல வேலையில் அந்தக் கோடு, விளிம்பில் பள்ளம் வெட்டி மெல்லிய மரப்பட்டிகளைப் பதித்துச் செய்வது. விளிம்பில் கிளம்பும் விரிசல் உள்ளே ஓடாமல் தடுப்பதும் அதன் வேலை. உங்கள் பாஸில் மேற்பலகையில் கோடு உண்மையாகவே பதிக்கப்பட்டிருக்கிறது, பின்பலகையில் அது மையால் வரையப்பட்டிருக்கிறது. வாங்குபவர் முதலில் பார்க்கும் பக்கத்துக்கு உழைப்பு, சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கும் பக்கத்துக்கு மை. இதுவும் விலைக்கணக்குப் போட்டு வேலை செய்த வட்டாரத்தையே காட்டுகிறது.

உட்பக்கம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. மேற்பலகையில் f வடிவில் வெட்டிய எஃப் துளை வழியாக விளக்கை விட்டு எடுத்த பதினோராவது படத்தில், மேற்பலகையின் அடிப்பக்கம் வளைவுளியின் தடங்களோடு அப்படியே விடப்பட்டிருக்கிறது. யாரும் சுரண்டி மெழுகவில்லை. அதைவிட முக்கியம் பாஸ் பார். நான்காம் கம்பியின் பக்கமாக மேற்பலகையின் அடியில் நீளவாக்கில் ஓடும் அந்தச் சட்டத்தைத் தனியாகச் செய்து ஒட்டுவதே முறை. இங்கே சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே ஒட்டுக் கோடே இல்லை; மரத்தின் ரேகை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தடையின்றி ஓடுகிறது. பலகையைக் குடையும்போதே அந்த மேட்டை விட்டுவிட்டுக் குடைந்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒரே மரத்தில் குடைந்ததை ஏகாண்ட வீணை என்று சிறப்பித்துச் சொல்கிறோம். வயலின் குடும்பத்தில் இதே செயல், பெரும்பாலும், நேரமும் மரமும் மிச்சப்படுத்த எடுத்த வழி. மூலைகளிலும் அதே கதைதான். நான்கு மூலைகளிலும் உள்ளே இருக்க வேண்டிய கட்டைகளில் இரண்டு இல்லை. எஃப் துளை வழியே எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்குப் படும் இரண்டு இடங்களில் மட்டும் கட்டைபோலத் தோன்றும் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன.

தட்டை முதுகும் நான்கு துளைத் தலையும் தனித்தனியே பல ஊர்களைக் காட்டலாம். அவற்றோடு குடைந்து விட்ட பாஸ் பார், கட்டையில்லாத மூலை, பாதியில் நின்ற ஓடை, பக்கத்துக்குப் பக்கம் வேறான விளிம்புக் கோடு எல்லாம் ஒன்றுசேரும்போது, அவை சாக்ஸனியின் மார்க்னொய்கிர்ஷென், எல்லைக்கு அப்பால் பொஹீமியாவின் ஷேன்பாக் என்ற இரண்டு ஊர்களைச் சுற்றியே நிற்கின்றன. மார்க்னொய்கிர்ஷெனில் 1677-இலேயே வயலின் செய்வோர் சங்கம் அமைந்தது. மத நெருக்கடியால் பொஹீமியாவிலிருந்து எல்லை கடந்து வந்த புராட்டஸ்டன்ட் கைவினைஞர்கள் அதை அமைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அந்த வட்டாரமே ஒரு பெரிய பட்டறையாகிவிட்டது. ஒரு குடும்பம் தலைகளை மட்டும் செதுக்கும். இன்னொன்று பலகைகளைக் குடையும். வேறொரு வீட்டில் பெட்டி சேர்ப்பார்கள். மற்றொரு வீட்டில் வார்னிஷ் பூசுவார்கள். வணிகர்கள் எல்லாவற்றையும் வாங்கி உலகெங்கும் அனுப்பினார்கள். அந்தச் சிற்றூருக்கு அமெரிக்கா 1893 முதல் 1916 வரை ஒரு தூதரக அலுவலகமே வைத்திருந்தது என்றால் சரக்கின் அளவை நீங்களே ஊகிக்கலாம்.

இதனால்தான், ‘யார் செய்தது?’ என்ற உங்கள் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல இயலாது. உங்கள் பாஸின் தலை ஷேன்பாக்கில் ஒரு சமையலறை மேசையில் செதுக்கப்பட்டு, பெட்டி எல்லைக்கு இந்தப் பக்கம் சேர்க்கப்பட்டிருக்கலாம். நான்கைந்து குடும்பங்களின் கை அதில் இருக்கிறது. அவர்கள் தம் பெயரை எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மணிக்கணக்கில் குனிந்து உழைத்து, வாரக் கடைசியில் முதுகில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கினார்கள். அந்த மனிதர்களின் வேலையை, ஒரு பெரிய பெயர் இல்லாததால் மட்டமானது என்று யாரும் சொல்லக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஐரோப்பாவின் எத்தனையோ சின்ன இசைக்குழுக்களின் அடித்தளத்தை நூறாண்டுக்கும் மேலாகத் தாங்கி வந்தவை இவைதாம்.

டிரோல் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். இன்ஸ்ப்ரூக் அருகே அப்ஸாம் என்ற ஊரில் வாழ்ந்து 1683-இல் மறைந்த யாகோப் ஷ்டைனரின் வாத்தியங்கள் ஒரு காலத்தில், ஸ்ட்ராடிவாரியின் ஊரான கிரெமோனாவின் வேலைக்கு நிகராக மதிக்கப்பட்டன. அந்தப் புகழின் நிழலில், ஊர் தெரியாத ஜெர்மன், ஆஸ்திரிய பாஸ்களையெல்லாம் டிரோல் என்று சொல்லி விற்பது வணிகர் வழக்கமாகிவிட்டது. உங்களுக்கு விற்றவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அவருக்கு யாரோ சொன்னதை அவர் உங்களுக்குச் சொன்னார். பவேரியாவின் மிட்டன்வால்ட் ஊரையும் எண்ணிப் பார்த்தேன். அங்கே 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்தியாஸ் க்ளோட்ஸ் தொடங்கிய மரபு இன்றும் நடக்கிறது. ஆனால் அந்த மரபின் பாஸ்களில் நான் பார்த்து வந்த மூலைக் கட்டைகளின் ஒழுங்கும் உட்புறத்தின் நேர்த்தியும் இங்கே இல்லை.

மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்து காலத்தைக் கணிக்கும் சோதனை செய்யலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். மேற்பலகை ஸ்புரூஸ் மரம். அதற்கு அந்தச் சோதனை நன்றாகப் பொருந்தும். ஆனால் அது சொல்வது பலகையில் எஞ்சியிருக்கும் கடைசி வளையத்தின் ஆண்டை மட்டுமே. வாத்தியம் அதற்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது என்பது உறுதியாகும். எத்தனை ஆண்டுகள் கழித்துச் செய்யப்பட்டது என்பது உறுதியாகாது. இதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று, பாஸ் கலைஞராகத் தொடங்கிப் பின்னர் பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநரான செர்கெய் கூசெவிட்ஸ்கியின் பாஸ். 1611-இல் கிரெமோனாவின் அமாட்டி சகோதரர்கள் செய்தது என்று அது நெடுங்காலம் போற்றப்பட்டது. அவர் மறைந்த பின் அவருடைய மனைவி 1962-இல் அதை இளம் கலைஞர் கேரி காருக்குக் கொடுத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வளையங்களை அளந்தபோது கடைசி வளையம் 1761 என்று வந்தது. அமாட்டி என்ற பெயர் அன்றோடு போய்விட்டது. ஆனால் அதே பாஸ்தான் அத்தனை ஆண்டுகள் உலக மேடைகளில் ஒலித்திருந்தது. பெயர் போனதால் அதன் நாதம் ஓர் இழைகூடக் குறையவில்லை. உங்கள் பாஸுக்கு இப்போதைக்கு அந்தச் செலவு தேவையில்லை. அந்தப் பணம் பழுது பார்ப்பதற்கு வேண்டும்.

இனி நாதம். ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நான்காம் கம்பியை விரல் வைக்காமல் வாசிக்கும் வெறும் E சுரம், நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் கொண்டது. மூன்றாம் கம்பியின் A 55. பெட்டிக்குள் இருக்கும் காற்று இயல்பாக ஒத்ததிரும் இடமோ பெரும்பாலான பாஸ்களில் 60-க்கும் 70-க்கும் இடையே அமைகிறது. அதனால் எவ்வளவு உயர்ந்த பாஸிலும் அந்தக் கடைசி E-இன் அடிச்சுரம் பெட்டியிலிருந்து மெலிந்தே வெளிவரும். அதற்கு மேலுள்ள உபசுரங்களைக் கேட்டு நம் காதே அடிச்சுரத்தைக் கூட்டிக்கொள்கிறது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தரக் கம்பியில், மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கிறதல்லவா? அங்கே கேட்கும் அந்த உபசுரங்கள்தாம் இங்கே காதுக்குத் துணை. ஆகவே, கீழ்க் கம்பி அமுங்குகிறது என்றால் அடிச்சுரம் குறைந்துவிட்டது என்று பொருளல்ல. பெரும்பாலும் உபசுரங்கள் எங்கோ விழுங்கப்படுகின்றன.

இதை நீங்களே சோதிக்கலாம். நான்காம் கம்பியில் வெறும் E தொடங்கி, அரைச்சுரம் அரைச்சுரமாக, வில்லின் அழுத்தம் மாறாமல் மேலே D வரை போங்கள். C-ஐ நெருங்கும்போது ஒலி திடீரென்று திறந்து, தரை வழியாகக் காலில் ஏறுவதுபோல் உணர்ந்தால் பெட்டியின் அடிப்படை நலமாக இருக்கிறது. கடைசிவரை எல்லாச் சுரமும் ஒரே மாதிரி மங்கலாகவே இருந்தால் எங்கோ ஒட்டு விட்டிருக்கிறது.

படங்களில் நான் கண்ட குறைகளைச் சொல்கிறேன். குதிரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எஃப் துளைகளின் உட்புறத்தில் உள்ள சிறு வெட்டுக்குறிகள் இரண்டும் ஒரு கோட்டைக் குறிக்கின்றன. குதிரைக் கால்களின் நடு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். உங்கள் குதிரை அதற்கு மூன்று சென்டிமீட்டர் கீழே, கம்பிகளின் கீழ் நுனியைப் பிடிக்கும் டெயில்பீஸ் பக்கமாக இறங்கியிருக்கிறது. அதனால்தான் நீங்கள் நாடா வைத்து எடுத்த கம்பி நீளம் 108 சென்டிமீட்டர் வருகிறது. உரிய இடத்துக்கு ஏற்றினால் 105 ஆகும், உங்கள் இடக்கைக்கும் அது எளிது. குதிரை இறங்கியதன் விளைவு சவுண்ட் போஸ்ட்டில் தெரிகிறது. முதல் கம்பியின் பக்கம் உள்ள குதிரைக் காலுக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டிய அந்தக் குச்சி இப்போது காலுக்கு முன்னால், கழுத்துப் பக்கம் நிற்கிறது. கால் தாங்கலில்லாத பலகையை அழுத்துகிறது. மேலும், குதிரை முதல் கம்பிப் பக்கமாக ஒரு விரல் தள்ளியும் இருப்பதால், மறு கால் பாஸ் பாருக்கு மேலே நிற்காமல் அதன் உட்புறம் நழுவியிருக்கிறது. கீழ்க் கம்பிகளின் அதிர்வைப் பலகை முழுவதற்கும் எடுத்துச் செல்லும் வேலை அந்தச் சட்டத்துக்குரியது. கால் அதன்மேல் இல்லாதபோது அந்த இரண்டு கம்பிகள் முதலில் மங்குவதில் வியப்பில்லை.

இவற்றைவிட என்னைக் கவலைப்படுத்துவது, படத்தில் தெரியாத ஓரிடம். தட்டை முதுகுள்ள பாஸ்களில் பின்பலகைக்கு உள்ளே குறுக்குச் சட்டங்கள் மூன்றோ நான்கோ ஒட்டியிருப்பார்கள்; சவுண்ட் போஸ்ட்டின் அடி நடுச் சட்டத்தின்மேல் நிற்கும். பலகை குளிர்காலத்தில் அகலவாக்கில் சுருங்கும், குறுக்கே ஓடும் சட்டம் தன் நீளவாக்கில் சுருங்காது. இந்த இழுபறியில் ஒன்று பலகை வெடிக்கும், அல்லது சட்டத்தின் நுனி ஒட்டு விட்டுத் தூக்கிக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் பாஸைப் போலவே ஒன்று என்னிடம் வந்தது. வாசிப்பவர் சொன்ன குறையும் இதேதான். குதிரையை மாற்றினேன், போஸ்ட்டை மூன்று முறை நகர்த்தினேன், இரண்டு வாரங்கள் போயின, பலன் இல்லை. ஒரு நாள் மாலை அதைக் கீழே படுக்க வைத்துப் பின்பலகையை விரல் முட்டியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். நடுச் சட்டம் ஓடும் கோட்டில் எல்லா இடத்திலும் ‘டொக்’ என்று கெட்டியாக வந்த ஒலி, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ‘டப்’ என்று சப்பையாக வந்தது. எஃப் துளை வழியே மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்தபோது அது சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே வழுக்கிக்கொண்டு நுழைந்தது. அந்த உள்ளங்கை அகல இடைவெளியில் வஜ்ஜிரம் என்ற தோல் பசையைக் காய்ச்சி ஊற்றி, இறுக்கிப் பிடித்து, இரண்டு நாள் காயவிட்ட பிறகு அந்த பாஸ் வேறு வாத்தியமாகிவிட்டது. அன்று முதல் எந்த பாஸ் வந்தாலும் முதலில் தட்டுவதைத்தான் செய்கிறேன்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். சந்தையில் மண்பானை வாங்குபவர் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்ப்பதுபோல், முதலில் மேற்பலகை விளிம்பு, பிறகு பின்பலகை விளிம்பு, அதன்பின் குறுக்குச் சட்டங்கள் ஓடும் இடம் என்று நான்கு விரல் இடைவெளியில் தட்டி வாருங்கள். சப்பையான ஒலி வரும் இடத்தில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாவது படத்தில் கீழ்ப்பகுதி வளைவில் பக்கப் பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது. அது அழுக்கா, திறந்த ஒட்டா என்பது தட்டினால் தெரிந்துவிடும்.

கனமான கம்பியைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதை இப்போது கண்டிப்பாகச் செய்யாதீர்கள். இந்த பாஸ் பிறந்த காலத்தில் அதில் மாட்டியவை குடல் தந்திகள். எஃகுக் கம்பிகள் பாஸில் பரவலானது 20-ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகுதான். இன்றைய எஃகுக் கம்பிகள் நான்கும் சேர்ந்து நூறு கிலோவுக்கும் மேற்பட்ட இழுப்பைக் கொடுக்கின்றன. தாங்கலில்லாத இடத்தில் குதிரைக் கால் நிற்கும்போது அந்தச் சுமையைக் கூட்டினால் மேற்பலகை உள்வாங்கும். சவுண்ட் போஸ்ட்டை ஒட்டி நீளவாக்கில் ஒரு விரிசல் கிளம்பினால் அந்தப் பழுதுக்கு நீங்கள் பாஸுக்குக் கொடுத்த விலையைவிட அதிகம் ஆகும். பழுதெல்லாம் தீர்ந்த பிறகு இழுப்புக் குறைந்த, மெல்லிய எஃகுக் கம்பியை மாட்டிப் பாருங்கள். இத்தகைய பெட்டிகளில் இழுப்பைக் குறைக்கும்போது ஒலி கூடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பலகைக்கு அசைய இடம் கிடைக்கிறது.

வேலையின் வரிசை எனக்கு முக்கியம். இன்றைக்கே நான்கு கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் தளர்த்திவிடுங்கள். முழுவதும் அவிழ்த்துவிட வேண்டாம், போஸ்ட் விழுந்துவிடும். அதன்பின் உங்கள் பகுதியில் பாஸ் வேலையில் அனுபவமுள்ள ஒருவரிடம் கொண்டுபோய், முதலில் திறந்த ஒட்டுகளையும் குறுக்குச் சட்டங்களையும் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டுவது வஜ்ஜிரத்தால்தான் ஆக வேண்டும். தச்சு வேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையை நீங்களே ஊற்றிவிட்டால், பிறகு வருபவர் எவரும் அந்த ஒட்டை மரத்தைச் சிதைக்காமல் பிரிக்க முடியாது. பெட்டி இறுகிய பிறகு குதிரையை வெட்டுக்குறிக் கோட்டுக்கு ஏற்றி, புதிய போஸ்ட்டை அந்த இடத்துக்கு அளந்து பொருத்த வேண்டும். பழைய போஸ்ட்டைத் தட்டி நகர்த்தினால் அதன் நுனிச் சாய்வு பலகையோடு பொருந்தாது. கம்பிக்கு அதற்குப் பிறகுதான் முறை வருகிறது. பாஸ் பாரை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று யாரேனும் முதல் நாளிலேயே சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குடைந்து விட்ட சட்டத்தோடு நன்றாக ஒலிக்கும் பாஸ்களை நான் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் சரியான பின்னும், ஓராண்டு வாசித்த பின்னும், அமுக்கம் நீங்காவிட்டால் அப்போது அதைப் பேசலாம்.

வார்னிஷைச் சுரண்டிப் புதிதாகப் பூசும் ஆசை வந்தால் அதையும் தள்ளிவையுங்கள். குளிர்காலத்தில் வீட்டின் வெப்பமூட்டி ஓடும்போது பாஸ் நிற்கும் அறையில் ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது அதைவிட நூறு மடங்கு பயனுள்ளது. தட்டை முதுகுக்கு வறட்சிதான் முதல் பகை.

நீங்கள் இருக்கும் இடம் இந்த பாஸின் கதைக்கு மிக அருகில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஷேன்பாக்கிலிருந்து ஜெர்மன் மொழி பேசிய கைவினைஞர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஊர் இன்று செக் குடியரசில் லூபி என்ற பெயரோடு இருக்கிறது. வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் 1949 முதல் எர்லாங்கன் அருகே பூபன்ராய்ட் என்ற சிற்றூரில் குடியேறி அதே தொழிலைத் தொடர்ந்தார்கள். பால் மெக்கார்ட்னி கையில் உலகம் பார்த்த வயலின் வடிவ பாஸ் கிட்டாரைச் செய்த ஹோஃப்னர் நிறுவனமும் ஷேன்பாக்கில் 1887-இல் தொடங்கி அப்படி அங்கே வந்ததுதான். நியூரம்பெர்க்கிலிருந்து ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். அங்கே இந்தத் தொழிலுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. சுருள் தலைப் படத்தை அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். ஓடை எங்கே நிற்கிறது என்று பார்த்தே எந்தப் பக்கத்து வேலை என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களில் இருக்கலாம்.

அதற்கு முன் எனக்கு இன்னும் மூன்று படங்கள் அனுப்புங்கள். கீழே தரையில் ஊன்றும் முனைக்கம்பியைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டு, கழுத்து பொருந்தும் மேற்கட்டையை ஒன்று; நடுக் குறுக்குச் சட்டத்தின் இரு நுனிகளையும் ஒன்று; மேற்பலகையின் அடிப்பக்கத்தில் எஃப் துளைகளுக்கு மேலே, வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் படாத பகுதியை ஒன்று. முனைக்கம்பியைக் கழற்றும்முன் டெயில்பீஸின் இழுப்பு அதன்மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். மூன்றாவது படத்தைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். பலகையைக் கழற்றிப் பழுது பார்த்தவர்கள் அந்த இடத்தில்தான் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வைப்பது வழக்கம். உங்கள் பதினோராவது படத்தின் மேல் ஓரத்தில், நிழலுக்குள், ஓர் எண் 9-இன் வால்போல வளைந்த சாம்பல் நிறக் கீறல் ஒன்று தெரிகிறது.